பறக்கும்போதே எண்ணெய்: நம் ஹார்னெட் விமானங்கள் போர்னியோ வரை போய்வர என்ன வேண்டும்?

கோலா கெடா ஜெட்டியில் பெர்ரி ஏறி லங்காவி லீமா கண்காட்சிக்குப் போனவங்க, நான்கு பெரிய விசிறிகளோடு நிற்கும் பருத்த சாம்பல் நிற விமானம் ஒன்றைப் பார்த்திருப்பீங்க. அதுதான் ஏ400எம். சரக்கு விமானம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், அரச மலேசிய ஆகாயப் படையின் பறக்கும் எண்ணெய் நிலையமும் அதுதான்.

எதற்கு இது? வரைபடத்தைப் பாருங்க. நமது எஃப்/ஏ-18டி ஹார்னெட் விமானங்கள் கெடாவை ஒட்டிய பட்டர்வொர்த்தில் உள்ளன. 18 சுகோய்-30எம்கேஎம் விமானங்களின் தளம் கிழக்குக் கரையில் உள்ள கோங் கெடாக். பட்டர்வொர்த்திலிருந்து லாபுவான் சுமார் 1,600 கிலோமீட்டர், பெரும்பகுதி கடல். 2021 மே 31-ஆம் தேதி சீனாவின் 16 ராணுவ விமானங்கள் சரவாக் கடற்பகுதியை நெருங்கி வந்தபோது, லாபுவானிலிருந்து கிளம்பியவை இலகு ரக ஹாக் விமானங்களே. கனரக விமானங்கள் அங்கே போய், ஆயுதத்தோடு சுற்றிக் காவல் காத்து, திரும்பியும் வரணும் என்றால் நடுவானில் எண்ணெய் தேவை.

அது எப்படி நடக்குது? ஏ400எம்-இன் இரு இறக்கைகளுக்கும் கீழே தொங்கும் கலன்களிலிருந்து நீண்ட குழாய் வெளியே வரும். அதன் நுனியில் பூப்பந்து இறகு மாதிரி ஒரு கூடை. போர் விமானி பின்னாலிருந்து மெல்ல நெருங்கி, தன் மூக்கருகே நீட்டியிருக்கும் குழலை அந்தக் கூடைக்குள் செருகணும். காற்றில் கூடை ஆடும். வேகம் கூடினால் குழாய் சுருண்டு சாட்டைபோல் அடிக்கும். சிரமம் முழுக்க விமானிக்குத்தான்.

இன்னொரு முறை, விறைப்பான தண்டு. எண்ணெய் விமானத்தில் இருப்பவரே அதை இயக்கி, கீழே பறக்கும் விமானத்தின் முதுகில் உள்ள துளையில் பொருத்துவார். இதில் எண்ணெய் வேகமாக இறங்கும். அமெரிக்க விமானப்படையின் வழக்கம் இது. சிங்கப்பூரின் எஃப்-16, எஃப்-15 விமானங்களும் இப்படித்தான். அதனால் நம் ஏ400எம் அவற்றுக்கு எண்ணெய் கொடுக்க முடியாது. சிங்கப்பூரின் ஏ330 எம்ஆர்டிடி விமானத்தில் தண்டு, கூடை இரண்டும் உண்டு. 111 டன் எரிபொருள் வேறு கொள்ளும். ஏ400எம் கொள்வதோ சுமார் 50 டன்.

இது நமக்குப் புதுசு இல்லை. குவாந்தானில் இருந்த பழைய ஸ்கைஹாக் விமானங்கள் ஒன்றுக்கொன்று எண்ணெய் கொடுத்துக்கொண்டன.

சிக்கல் எண்ணிக்கையில். 2015 தொடங்கி 2017-க்குள் வந்த ஏ400எம் மொத்தமே நான்கு. சபா, சரவாக்கிற்கு ஆள், தளவாடம் கொண்டுபோவதும் இவைதான். 2024 ஆகஸ்டில் காயமுற்ற பாலஸ்தீனர்களை எகிப்திலிருந்து சுபாங்கிற்கு அழைத்து வந்ததும் இதே ரகம்தான். ஒன்று பராமரிப்பில், ஒன்று நிவாரணப் பணியில் என்றால், எண்ணெய்க்கு மிஞ்சுவது எத்தனை? புதுப் போர் விமானம் வாங்கும் செய்தி வந்தால் எத்தனை விமானம், எவ்வளவு ரிங்கிட் என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியை, செய்தி அறையில் இருக்கும் நாங்களும் சேர்த்துத்தான், பெரும்பாலும் கேட்பதில்லை.

அடுத்த லீமாவுக்குப் போனால் மூக்கைக் கவனிங்க. ஹார்னெட், சுகோய் இரண்டிலும் அந்தக் குழல் உள்ளே மடங்கியிருக்கும். ஹாக் 208-இல் வெளியே நீட்டிக்கொண்டே நிற்கும்.