பாறைநெய் இருந்தால்தான் பசிக்குச் சோறோ?

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையிலிருந்து தேனும் மிளகும் பலாவும் தலைச்சுமையாய் இறங்கின. உப்பும் துணியும் மேலேறின. அது பண்டமாற்று. கொடுப்பவனும் கொள்பவனும் நிகராய் நின்று செய்த தொழில். ஒருவன் கழுத்தை நெரித்துக்கொண்டே, "உன் நிலத்தடியில் உள்ளதைக் கொடு, உன் பிள்ளைக்குப் பால் தருகின்றேன்" என்பதைப் பண்டமாற்றென்று இம்மலையில் எவரும் சொல்லார். உலக வல்லரசுகள் சொல்லின! 'உணவுக்கு எண்ணெய்' என்று அதற்குப் பெயருமிட்டன.

குவைத்தைக் கைப்பற்றிய ஈராக்கின்மேல் 1990 ஆகத்து 6-இல் ஒன்றிய நாடுகள் அவை பொருளியல் தடை விதித்தது. குற்றம் இழைத்தவன் சதாம் உசேன்; ஒறுப்புப் பெற்றோர் தொட்டிற் பிள்ளைகள். மருந்தும் தூய நீருமின்றி மக்கள் நலிந்த பின்னரே, 1995 ஏப்பிரலில் 986-ஆம் தீர்மானம் பிறந்தது. 1996 திசம்பரில் எண்ணெய் வெளியேறிற்று. முதல் உணவுப்பொருள் 1997 மார்ச்சில்தான் உள்ளே வந்தது. முந்தியது எது, பிந்தியது எது என்பதை ஓர்க!

விற்ற பணம் ஈராக்கியர் கைக்கு வரவில்லை. நியூயார்க்கு வைப்பகத்தில் அடைபட்டது. தொடக்கத்தில் அதில் 30 விழுக்காடு போர் இழப்பீட்டுக்குப் போயிற்று. ஈராக்கில் ஒன்றிய நாடுகள் அவையின் துயர்துடைப்புப் பணிக்குத் தலைமை தாங்கிய தெனிசு ஆலிடே 1998-இலும், அவர்க்குப் பின்வந்த ஆன்சு வான் இசுபோனெக்கு 2000-இலும், தடையின் கொடுமை பொறாது பொறுப்பைத் துறந்தனர். 2003-இல் முடிந்த இத்திட்டத்தைப் பால் வோல்கர் குழு ஆய்ந்து, 2,200-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் சதாம் அரசுக்கு ஏறத்தாழ 180 கோடி தாலர் கள்ளப்பணம் கட்டியதை 2005-இல் வெளியிட்டது. அவ்வறிக்கையில் இந்திய வெளியுறவு அமைச்சர் நட்வர்சிங்கின் பெயரும் இடம்பெற, அவர் மறுத்தும், அமைச்சை இழந்தார். இந்திய அரசு அமைத்த உசாவற் குழு, அவர் பணம் பெற்றதாகக் காணவில்லை. செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றே கூறிற்று.

இத்துணை அழுக்குப் படிந்த திட்டத்தை யாம் போற்றவில்லை. ஆயினும் ஒன்று கேட்கின்றோம். பாறைநெய் உள்ள நாட்டுக்கு இந்தக் குறுகிய வாயிலேனும் திறந்ததே; பாறைநெய் இல்லாத ஈழத்தமிழனுக்கு எந்த வாயில் திறந்தது?

ஈராக்கைத் தடுத்தது உலகம். யாழ்ப்பாணத்தைத் தடுத்தது, அதனைத் தன் நிலமென்றே சொல்லிக்கொண்ட கொழும்பு அரசு. 1987 சனவரியில் எரிநெய்த் தடை வந்தது. அவ்வாண்டு சூன் 4-இல் இந்திய வானூர்திகள் ஐந்து, ஏறத்தாழ 25 தன் பொருள்களை வீசிச் சென்றன. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் எரிநெய், பைஞ்சுதை, உரம், மின்கலம், வழலை எனத் தடைப்பட்டியல் நீண்டது. 2002 வரை நீடித்தது. மண்ணெண்ணெயில் ஊர்தி ஓட்டினர். பொறியைத் தூண்டக் கன்னெய்யைச் சொட்டுச் சொட்டாய் விட்டனர். குப்பிவிளக்கின் கீழ்ப் பிள்ளைகள் படித்தனர்.

"பொருள்கள் போராளிகள் கைக்குப் போய்விடும்" என்றனர். ஈராக்கிலும் அவ்வச்சம் இல்லையா? அங்கு ஒவ்வோர் உடன்படிக்கையையும் ஆயத் தடைக்குழு இருந்தது. இறக்கிய பொருளைக் கண்காணிக்க ஆள் இருந்தனர். யாழ்ப்பாணத்துக்குச் செஞ்சிலுவைக் கொடியுடன் கப்பல்கள் சென்றது மெய்யே. ஆனால் எது போகலாம், எவ்வளவு போகலாம் என்று அளந்தது தடை விதித்த அரசே! பூட்டியவனிடமே திறவுகோலும் இருந்தது. 2009-இல் புலம்பெயர்ந்த தமிழர் எண்ணூறு தன்னுக்கு மேல் உணவும் மருந்தும் ஏற்றியனுப்பிய 'வணங்காமண்' கப்பலைச் சிங்களக் கடற்படை திருப்பியனுப்பிற்று. பொருள்கள் சென்னையில் இறக்கப்பட்டு, வேறு கப்பலிற் கொழும்பு சென்றன. அதற்குள் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்திருந்தது.

இனித் தமிழன் செய்ததையும் காண்க. 2022-இல் இலங்கை முழுவதும் எரிநெய்யும் மருந்துமின்றித் தவித்தபோது, தமிழ்நாடு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. தமிழர்க்கு மட்டுமென்று பிரிக்கவில்லை. மாற்றாக எதனையும் கேட்கவில்லை. முல்லைக்குத் தேரீந்த பாரி, மல்லிப்பூவிற்கு விலை கேட்டானா?

தமிழர்களே! உணவும் மருந்தும் எத்தடைக்கும் புறம்பானவை. தடுப்பவனே பங்கிடுபவனாய் இருத்தல் ஆகாது. இவ்விரண்டையும் உலக அவைகளில் ஓயாது கேட்போம். நிலத்தடி எண்ணெயை அளந்து நிலத்தின்மேல் வாழும் உயிரை மதிப்பது வணிகம், அறமன்று.