கணக்குக் காட்டாத காவல்காரன்

"லிங்க் இல்லைங்க, நாளைக்கு வாங்க!"

வங்கியில் இந்தப் பதிலைக் கேட்காதவர் உண்டா? வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி காட்டுமன்னார்கோயில் வந்தவர், பாஸ்புக்கோடு திரும்பவேண்டியதுதான். ஏன் லிங்க் இல்லை? அதற்குப் பதில் கிடைக்காது.

அதே ஊர்ப்பக்கம் வீராணம் ஏரியைப் பாருங்கள். முழு மட்டம் 47.5 அடி. இன்று எத்தனை அடி, வடவாறு வழியாக எவ்வளவு வருகிறது, சென்னைக் குடிநீருக்கு எவ்வளவு போகிறது... எல்லாம் பேப்பரில் வந்துவிடும். தண்ணீருக்கு உள்ள கணக்கு நெட்வொர்க்குக்கு வேண்டாமா?

கிளையையும் தலைமையகத்தையும் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் ஐபிசெக் முறையில் இணைப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தப் பாக்கெட்டைப் பூட்டி அனுப்புவது, எதைத் தடுப்பது என்ற பாலிசிப் பட்டியல் கெர்னலுக்குள் இருக்கும். கெர்னல்தான் காவல்காரன். பொருந்தாத பாக்கெட்டை அது சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். வெளியே இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் 'லிங்க் இல்லை'.

2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலிலேயே ஐபிசெக் இருந்தது. ஆனால் எத்தனை பாலிசி இருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கெர்னல் வெளியே சொன்னது 2007இல், 2.6.22இல்தான். 'ஐபி எக்ஸ்எஃப்ஆர்எம் பாலிசி கவுண்ட்' என்று அடித்தால் உள்ளே வர, வெளியே போக, கடந்து செல்ல எத்தனை என்று காட்டும். 2008இல் 2.6.25 வந்தபோதுதான் 'எக்ஸ்எஃப்ஆர்எம் ஸ்டாட்' என்ற கோப்பு கிடைத்தது. பாலிசியே தடுத்ததா, பூட்டி வரவேண்டியது பூட்டாமல் வந்ததா, சாவி ஒப்பந்தமே காணோமா என்று காரணவாரியாகக் கணக்கு! நான்கு வருஷம் கழித்து!

அதிலும் கூத்தைப் பாருங்கள். கெர்னலைக் கட்டும்போது இந்தக் கணக்கை வைப்பதும் விடுவதும் கட்டுபவர் விருப்பம். இது டெவலப்பர்களுக்கானது, சந்தேகமிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்பதுதான் அங்குள்ள அறிவுரை. வேண்டாம் என்றால் அந்தக் கோப்பே இருக்காது. பேரேடு ஆடிட்டருக்கு மட்டும்தானா? கடை நடத்துபவருக்கு வேண்டாமா?

"கணக்கை வெளியே காட்டினால் திருடனுக்கு உதவுமே" என்பார்கள். அந்தக் கோப்பில் சாவியும் இல்லை, முகவரியும் இல்லை. இருப்பது வெறும் எண்கள். உண்டியலில் எவ்வளவு விழுந்தது என்று சொன்னால் பூட்டு உடைந்துவிடுமா?

இன்னொரு பக்கமும் உண்டு. கணக்கு இருந்தும் பார்க்காதவர்கள்! அந்த எண்கள் கம்ப்யூட்டரை இயக்கிய நேரத்திலிருந்து கூடிக்கொண்டே போகும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை குறித்துக் கழித்தால் அன்றைய கதை தெரியும். ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு போட மூன்றாம் வருஷ பி.காம். வேண்டியதில்லை.

காவல்காரன் தடுக்கட்டும், அது அவன் வேலை. எத்தனை பேரை, ஏன் தடுத்தான் என்று நோட்டில் எழுதி, அந்த நோட்டை வாசலிலேயே வைக்கட்டும். பாஸ்புக்கோடு நிற்பவருக்கு அப்போதாவது 'நாளைக்கு வாங்க' என்பதைவிட நல்ல பதில் கிடைக்கும்.