கைப்பேசியில் ஒலிக்கும் அறிவுரை சேரிக் குழந்தையை எட்டுகிறதா?

குழந்தை வளர்ப்பு குறித்த செய்திகளைப் பெற்றோரின் கைப்பேசிக்கு அனுப்புவது இன்று அரசின் நலப்பணிகளில் ஒன்றாகிவிட்டது. ஒன்றிய அரசு 2016 சனவரியில் தொடங்கிய 'கில்காரி' திட்டத்தில், கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை, வாரம் ஒன்றாக 72 குரல் அழைப்புகள் கட்டணமின்றி வருகின்றன. எழுத்தறியாத தாயும் கேட்டுப் பயன்பெறலாம் என்பது இதன் சிறப்பு, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த அழைப்பு யார் கையில் ஒலிக்கிறது? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் நாட்டில் 54 விழுக்காட்டினர். கிராமப்புறங்களில் 47 விழுக்காட்டினர் மட்டுமே. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி வேலைக்குச் செல்லும் கணவனுடன் போய்விட்டால், தாய்க்கான அறிவுரை தாயை அடைவதில்லை. விடியலில் களையெடுக்கவோ செங்கற்சூளைக்கோ செல்லும் தாய்க்கு, கேட்டதைச் செய்து பார்க்கவும் பொழுதில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் பட்டியல் சாதியினரிடையே 39 விழுக்காடு, பழங்குடியினரிடையே 41, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவினரிடையே ஏறத்தாழ 30. இந்த இடைவெளியைத் தாய்மாரின் அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. நிலமின்மை, குறைகூலி, குடிநீர், கழிப்பறை, அங்கன்வாடி அமைந்திருக்கும் தெரு ஆகிய அனைத்திலும் சாதி இருக்கிறது. அறிவுரை மட்டும் அனுப்பும் அரசு, தன் கடமையைத் தாயின் தோளில் ஏற்றிவிடுகிறது.

பட்டியல் சாதி, பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை அளித்து அங்கன்வாடிகளைத் திறக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006 திசம்பரில் ஆணையிட்டது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக விலையில்லா உணவு வழங்குவதை 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாக்கியது. குழந்தையோடு பேசுங்கள், விளையாடுங்கள் என்று சொல்லும் குரல், இந்த உரிமைகளையும் சொல்லட்டும். அவை மறுக்கப்பட்டால் எங்கே முறையிடுவது என்பதையும் சொல்லட்டும். அழைப்புகளை முழுமையாகக் கேட்டோர் எத்தனை பேர் என்ற கணக்கைச் சாதிவாரியாக வெளியிடட்டும். சேரிக்குள் அங்கன்வாடி வராமல் செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தால், அதற்குப் பெயர் குழந்தை நலம் அன்று, கைகழுவுதல்.