சிறுநீரகமும் கடன் பத்திரமும்

நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர் சிலர் கடன் தொல்லை தாளாது தங்கள் சிறுநீரகங்களைத் தரகர் மூலம் விற்றனர் என்ற செய்தி 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிப்பட்டது. சர்க்கார் விசாரணை நடத்திற்று. சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை விசேஷப் புலனாய்வுக் குழுவொன்றை நியமித்தது. குற்றம் யாருடையது என்பதை நியாயஸ்தலம் தீர்மானிக்கட்டும். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் கூறப்படும் யோசனை ஒன்றுண்டு. விற்பனையைத் தடுப்பதால்தான் தரகன் பிழைக்கிறான். சட்டமே விலையை நிர்ணயித்து விற்பனையை அநுமதித்துவிட்டால் ஏழைக்கும் பணம் கிடைக்கும், நோயாளிக்கும் உயிர் கிடைக்கும் என்பதே அந்த யோசனை. அதனை நாம் இங்கே ஆராய விரும்புகிறோம்.

இவ்வாறு சொல்லுவோரை ஈவிரக்கமற்றவர் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புக்காக இயந்திரத்துடன் கட்டுண்டு கிடக்க வேண்டியிருக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்திற்குக் காத்திருந்தே மாண்டுபோவோர் பலர். சுரங்கத்திலும் ஆழ்கடலிலும் கூலிக்காக உயிரையே பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமையுண்டு என்றால், இரண்டிலொரு சிறுநீரகத்தை விற்க மட்டும் ஏன் உரிமையில்லை என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆகவே அதற்கு ஆவேசத்தால் அன்றி அநுபவத்தால் விடை கூறுவதே முறை.

அந்த அநுபவம் நமக்கு அந்நியமானதன்று. உடல் அந்நிய உறுப்பைத் தள்ளிவிடாதபடி காக்கும் புதிய மருந்து 1980-களில் பரவியதன் பயனாக, உறவினரல்லாதாரின் சிறுநீரகத்தைப் பொருத்துவதும் எளிதாயிற்று. அக்காலத்தில் இந்நாட்டில் அதனை விற்பதற்குத் தடைச் சட்டம் ஏதும் இல்லை. சென்னையிலும் பம்பாயிலும் இவ்வியாபாரம் பகிரங்கமாக நடந்தது. வெளிநாட்டாரும் வாங்க வந்தனர். சென்னையின் வில்லிவாக்கத்திற்கு இவ்வியாபாரத்தின் பெயராலேயே ஒரு பரிகாசப் பெயரும் ஏற்பட்டது. 1994-ஆம் ஆண்டில்தான் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் பிறந்து விற்பனையைக் குற்றமாக்கிற்று. ஆகவே, தடையில்லாத சந்தை என்பது நாம் இனிச் செய்து பார்க்க வேண்டிய சோதனையன்று. செய்து பார்த்துக் கைவிட்ட சோதனை.

அதன் பலன் யாது? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டு விசாரித்து, மறு ஆண்டில் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் முடிவை வெளியிட்டனர். விற்றவருள் பெரும்பாலோர் பெண்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கடனைத் தீர்க்கவே விற்றதாகக் கூறினர். விற்றுச் சராசரியாக ஆறு ஆண்டுகள் சென்ற பின்னரும், கடனுக்காக விற்றவருள் ஏறக்குறைய முக்கால் பங்கினர் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. உடல்நலம் குன்றிற்று என்றவர் நூற்றுக்கு எண்பத்தாறு பேர். பிறரும் இவ்வாறு விற்கலாம் என்று நீர் சொல்லுவீரா என்று கேட்டதற்கு, நூற்றுக்கு எழுபத்தொன்பது பேர் சொல்லமாட்டோம் என்றனர்.

தரகன் ஏமாற்றியதன் விளைவே இது, நியாயமான விலை கொடுத்தால் இவ்வாறு நேராது என்று சிலர் சமாதானம் கூறலாம். சொன்ன தொகையில் ஒரு பகுதியைத் தரகர் விழுங்கினர் என்பது மெய்யே. ஆனால் முழுத் தொகையும் கைக்கு வந்திருந்தாலும் என்ன நேர்ந்திருக்கும்? கடனுக்குக் காரணம் குறைந்த கூலி, நோய், வேலையின்மை, கடும் வட்டி ஆகியன. சிறுநீரகம் ஒரு முறைதான் விலைபோகும். இக்காரணங்களோ மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். சுரங்கத் தொழிலாளி நாளையும் வேலைக்குச் சென்று கூலி பெறுவான். சிறுநீரகம் விற்றவனுக்கோ நாளை விற்க ஒன்றுமில்லை. பாரம் சுமக்கும் வலிமையும் குறைந்தது என்றால் அவன் பழைய கூலியையும் இழக்கிறான்.

இதனினும் கொடியது மற்றொன்று உண்டு. லாரென்ஸ் கோஹன் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1990-களில் சென்னைக்கு வந்து இவ்வியாபாரத்தை ஆராய்ந்தார். சிறுநீரகம் விற்கும் வழக்கம் பரவிய வட்டாரங்களில், லேவாதேவிக்காரர்கள் கடன் வசூலில் முன்னிலும் கடுமையாக நடந்துகொண்டனர் என்று அவர் எழுதினார். காரணம் வெளிப்படை. நகையும் நிலமும் இல்லாதவரிடம் கடன் கொடுத்தவன் ஓரளவுக்கு மேல் நெருக்க முடியாது. அவரிடமும் விலைபோகும் பொருள் ஒன்று உடலுக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த எல்லை அழிந்துபோகிறது. சிறுநீரகம் அடமானப் பொருளாகிறது. விற்க விரும்பாத அடுத்த வீட்டாரும் அந்த நெருக்குதலுக்கு ஆளாகின்றனர். விற்பது என் இஷ்டம் என்ற வாதம் இங்கேதான் இடறுகிறது. ஒருவர் பெறும் அந்த உரிமை, விற்கமாட்டேன் என்று சொல்லும் வலிமையை மற்றொருவரிடமிருந்து பறித்துவிடுகிறது. சட்டம் விலையை நிர்ணயிக்குமானால் கடன் கொடுப்பவனுக்கு ஈட்டின் மதிப்பும் திட்டமாகத் தெரிந்துவிடும்!

ஈரானைப் பாருங்கள் என்பர். 1988 முதல் அந்நாட்டில் சர்க்கார் மேற்பார்வையில் சிறுநீரகம் கொடுப்போருக்குப் பணம் அளிக்கப்படுகிறது. தரகருக்கு இடமின்றி நோயாளர் சங்கமே இரு தரப்பாரையும் இணைத்து வைக்கிறது. அந்நியர் ஈரானியரிடம் வாங்கத் தடையும் உண்டு. காத்திருப்போர் தொகையை இம்முறை வெகுவாகக் குறைத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கார் தரும் தொகைக்கு மேல் நோயாளியும் கொடுப்பவரும் பேரம் பேசுவது அங்கும் நிற்கவில்லை. கொடுப்பவர் அங்கும் ஏழைகளே. இவ்வளவு கட்டுப்பாடுள்ள சந்தையிலும் செல்வர் எவரும் விற்க வந்ததாக நாம் கேட்டதில்லை.

அப்படியாயின் தடைச் சட்டம் ஒன்றே போதுமா? போதாது என்பதற்குச் சுனாமிக்குப் பின் 2007-இல் எர்ணாவூர்ப் பெண்களைப்பற்றி வந்த செய்தியும், இன்று பள்ளிபாளையமுமே சாட்சி. அன்பின் காரணமாக உறவினரல்லாதாரும் கொடுக்கலாம் என்று சட்டம் விட்ட வாயில் வழியே பணம் நுழைகிறது. அதனைக் காக்க வேண்டிய அங்கீகாரக் குழுக்கள் பத்திரங்களைப் பார்க்கின்றனவேயன்றி மனிதரைப் பார்ப்பதில்லை. 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைப் பத்தாண்டுச் சிறைவரையும் கோடி ரூபாய் அபராதம்வரையும் உயர்த்திற்று. ஆனால் விற்ற ஏழையும் அதே பிரிவின்கீழ்க் குற்றவாளியாகிறான். அதனால் அவன் வாய் திறப்பதில்லை. அவன் மௌனமே தரகனுக்கு அரணாகிறது. விற்றவனைச் சாட்சியாக்கி, தரகனையும் உடந்தையான வைத்தியனையும் தண்டிக்கும்படி சட்டத்தைத் திருத்துவது அவசியம். கந்துவட்டிக்கு எதிரான 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டளவில் நில்லாது தறிக் கூடத்தின் வாசலுக்கு வரவேண்டும்.

நோயாளியின் துயருக்கு விடை, இறந்தோரின் தானத்தைப் பெருக்குவதே. ஸ்பெயினில் பத்து லட்சம் ஜனங்களுக்கு ஆண்டுதோறும் நாற்பதுக்கு மேற்பட்டோர் மரணத்திற்குப் பின் உறுப்புக்களை அளிக்கின்றனர். இந்தியாவிலோ அவ்விகிதத்தில் ஒருவர்கூட இல்லை. ஸ்பெயின் இதனைச் சாதித்தது விலை கொடுத்தன்று. 1989-இல் தேசிய ஸ்தாபனம் அமைத்து, ஆஸ்பத்திரிதோறும் பயிற்சி பெற்ற வைத்தியரை இதற்கென நியமித்தே சாதித்தது. தமிழ்நாடும் 2008 முதல் இத்துறையில் ஏனைய ராஜ்யங்களுக்கு வழிகாட்டி வந்துள்ளது. தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு சர்க்கார் மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-இல் அறிவித்ததும் நம் ராஜ்யமே. இவ்வேற்பாடு சென்னையையும் சில பெருநகரங்களையும் தாண்டி ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரிக்கும் பரவ வேண்டும். இதற்குப் பணம் செலவாகும். சர்க்கார் தயங்காது அதனைச் செலவிடுவார்களாக. அச்செலவுக்கு அஞ்சிக் கடன்பட்ட தொழிலாளியின் விலாவைத் திறந்து சிக்கனம் தேடுவது எந்த ராஜ்யத்திற்கும் தகாது.