வாஞ்சூர் எல்லையில் நின்றுபோன சட்டம்

நாகூரிலிருந்து வடக்கே பஸ் ஏறிக் கீழவாஞ்சூரில் இறங்குகிறவன் கண்ணில் படுவது மதுக்கடை. பிரெஞ்சுக்காரன் போட்ட எல்லைக் கோடு அங்கேதான் ஓடுகிறது. அவன் 1954-ல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனான், கோடு போகவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. அது கிடக்கட்டும். நாம் பேச வந்தது சாராயத்தைப் பற்றியல்ல, எண்ணெயைப் பற்றி.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டத் தடை. ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அது தொடவில்லை. ஆனாலும் தெருவில் இறங்கிப் போராடிய விவசாயிக்கு அது வெற்றிதான். அந்தச் சட்டம் வாஞ்சூருக்கு வந்ததும் நின்றுவிட்டது. காரைக்கால் புதுவையைச் சேர்ந்ததாம்! பூமிக்கு அடியில் கிடக்கும் எண்ணெய்க்கு இது தெரியுமா? நரிமணத்தில் ஒரு படுகை, திருமலைராயன்பட்டினத்தில் வேறொரு படுகையா? 2017-ல் மத்திய சர்க்கார் சிறு எண்ணெய் வயல்களைக் குத்தகைக்குக் கொடுத்தபோது நெடுவாசலோடு காரைக்காலும் பட்டியலில் இருந்தது. நெடுவாசல் பெயர் நாடெங்கும் முழங்கிற்று. காரைக்கால் பெயரை எத்தனை பேர் சொன்னார்கள்?

நாம் எண்ணெய்க்கு விரோதிகளல்ல. சோவியத் நிபுணர்களின் உதவியோடு காம்பேயிலும் அங்கலேசுவரத்திலும் நமது பொதுத்துறை எண்ணெய் கண்டதை மறந்தவர்களுமல்ல. திருமலைராயன்பட்டினத்தில் புதுவை சர்க்கார் கட்டிய 32.5 மெகாவாட் மின்நிலையம் இந்தப் படுகையின் வாயுவை நம்பிக் கட்டப்பட்டதுதான். ஆனால் கணக்குக் கேட்கிறோம்.

2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். இரும்பும் நிலக்கரியும் வெட்டுகிறவன் ராயல்டியோடு நிற்க முடியாது. அந்த ராயல்டியில் நூற்றுக்குப் பத்து, பழைய குத்தகையானால் முப்பது, மாவட்டக் கனிம நிதிக்குக் கட்ட வேண்டும். பாதிக்கப்பட்ட ஊரின் குடிநீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பணம். எண்ணெய் எடுக்கும் மாவட்டத்துக்கு? ஒரு காசு கிடையாது! அந்தச் சட்டத்தில் கனிமம் என்றால் கனிம எண்ணெய் நீங்கலாக என்று எழுதியிருக்கிறது. எண்ணெய்க்கு 1948 முதல் தனிச் சட்டம். அதில் அப்படியொரு நிதியே இல்லை. ஜார்கண்டில் கரி வெட்டும் ஊருக்கு ஒரு நீதி, காவிரிக் கடைமடைக்கு ஒரு நீதியா? நைஜீரியாவின் 1999 அரசியல் சட்டம்கூட, எண்ணெய் வருவாயில் குறைந்தது 13 சதவீதம் எண்ணெய் எடுத்த மாநிலத்துக்கே என்கிறது. அந்தப் பணம் நைஜர் டெல்டாவின் குடிசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு சண்டை. நிதி இருந்தால் அது எங்கே என்று சண்டை போடலாம். இல்லாத நிதிக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

இருந்த ஒரு வாசலையும் 2020 ஜனவரியில் அடைத்தார்கள். எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று மத்திய சர்க்கார் அறிவிக்கையைத் திருத்தியது. டெல்லியில் கேட்டால் புதுவைக்குப் போ என்பார்கள். புதுவையில் கேட்டால் டெல்லிக்குப் போ என்பார்கள். மதுக்கடை லைசென்சுக்கு மட்டும் எங்கே போவதென்று எல்லோருக்கும் தெரிகிறது!

புதுவைச் சட்டமன்றம் காரைக்கால் வயல்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் இயற்றட்டும். எண்ணெய்ச் சட்டத்தில் மாவட்ட நிதியை மத்திய சர்க்கார் எழுதட்டும். ஆய்வுக் கிணறு தோண்டும் முன்பு கீழவாஞ்சூரின் மீனவனையும் கூலிக்காரனையும் கூட்டிவைத்துக் கேட்கட்டும். திருமலைராயன்பட்டினம் கொம்யூன் தோழர்கள் இதை டீக்கடையில் பேசியதோடு விட்டுவிடாமல், மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லைக்கு அப்பால் நாகூரிலிருக்கும் தோழர்களும் அதில் கையெழுத்துப் போடலாம்; தடையொன்றுமில்லை.