பழைய பேச்சுக்குப் பேசியவரே பொறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரபலமானவர்கள் எப்போதோ பேசியதையும் முகநூலில் எழுதியதையும் தேடியெடுத்து, திகதியை நீக்கி, நேற்றுச் சொன்னதுபோல் பரப்புவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றும் துண்டுக் காணொளியை ஊடகங்கள் அப்படியே செய்தியாக்குகின்றன. அதன்பின் பொலிஸ் முறைப்பாடு, கைது. இந்தப் போக்கைக் கண்டித்தே எழுதுகிறேன்.

2020 ஒக்டோபரில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ படத்தில் தமிழ் நடிகர் விஜய் சேதுபதி நடிக்கிறார் என்ற அறிவிப்பு வந்ததும், ஜனாதிபதி வேட்பாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷவை ஆதரித்து முரளி 2019இல் பேசிய பேச்சு மீண்டும் கிளம்பியது. போர் முடிந்த 2009ஐ மகிழ்ச்சியான ஆண்டாக அவர் சொன்னது தமிழர்களைக் காயப்படுத்தியது. என்னையும் காயப்படுத்தியது. போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் வாழ்கிறார்கள். அவர்கள் முரளியிடம் கேள்வி கேட்டது முழு நியாயம்.

இரு பக்கமும் உயிரிழப்பு நின்றதையே சொன்னதாக முரளி விளக்கினார். 1977 கலவரத்தில் தன் தந்தை வெட்டப்பட்டதையும் நினைவுபடுத்தினார். அந்த விளக்கத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அதை வாசிக்கக்கூடப் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை. கோபம் பேசியவரை விட்டு நடிகர்மேல் பாய்ந்தது. முரளியே கேட்டுக்கொண்டதால் விஜய் சேதுபதி விலகினார். அதற்குப் பிறகும் அவருடைய சின்ன மகளுக்கு டுவிட்டரில் பாலியல் வன்கொடுமை மிரட்டல் வந்தது. அதை எழுதியவர் இலங்கையில் இருந்தவர் என்று பின்னர் தெரியவந்தது. நம் இழப்பின் பெயரால் ஒரு குழந்தையை மிரட்டியது நமக்குத்தான் அவமானம்.

2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரியவுக்கு நேர்ந்தது இந்தப் போக்கின் அடுத்த படி. மேடை நகைச்சுவையில் அவர் பேசிய ஒரு பகுதி பௌத்தத்தை அவமதிப்பதாகக் கூறிப் பரப்பப்பட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். இருந்தும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். ஜூலை 5ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை வழங்கும்வரை விளக்கமறியலில் இருந்தார். அவர்மேல் பாய்ந்தது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயரில் 2007இல் வந்த சட்டம். பகையையும் வன்முறையையும் தூண்டுவோரைத் தடுக்க வேண்டிய சட்டம் அது.

பழையது என்பதால் எதையும் மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இஸ்லாத்தை இழிவுபடுத்தி 2016இல் பேசியதற்காக பொது பல சேனா அமைப்பின் கலகொட அத்தே ஞானசார தேரருக்கு 2024 மார்ச்சில் நான்கு ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏறக்குறைய எட்டு ஆண்டு ஆனபின்னும் நீதிமன்றம் அந்தப் பேச்சை விட்டுவிடவில்லை. ஆனால் அங்கே விசாரணை முதலில் நடந்தது, தண்டனை பிறகு வந்தது. நடாஷா விடயத்தில் விசாரணைக்கு முன்பே சிறை வந்துவிட்டது.

2024இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில், பொலிஸாரிடம் ஒன்று கேட்கிறேன். வன்முறையைத் தூண்டாத பேச்சுக்கு, இணையத்தில் எழும் கூச்சலை மட்டும் நம்பி யாரையும் கைது செய்யாதீர்கள். தங்கள் பத்திரிகை உட்பட எல்லா ஊடகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பழைய பேச்சைப் பிரசுரிக்கும்போது சொன்ன திகதி, சொன்ன இடம், முன்பின் வசனங்கள், சம்பந்தப்பட்டவரின் பதில் ஆகியவற்றை அதே செய்தியில் சேருங்கள். அவை கிடைக்கும்வரை செய்தியை நிறுத்திவையுங்கள். ஒருவர் பேசியதற்கு அவரை மட்டும் கேளுங்கள். அவர் குடும்பத்தை யாரும் தொடக்கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு - 06