சட்டையின் முன்பக்கம்: பாபிஸ் சிஸ்ஸே தனியாக நின்ற அந்த நாட்கள்

2025-26 பருவகாலம் முடிவதோடு இங்கிலாந்து பிரீமியர் லீக் கழகங்களின் சட்டை முன்பக்கத்திலிருந்து சூதாட்ட நிறுவனங்களின் பெயர்கள் அகல வேண்டும். 2023 ஏப்ரலில் 20 கழகங்களும் சேர்ந்து எடுத்த தீர்மானம் இது. நல்ல செய்திதான். ஆனால் இதே சட்டை விவகாரத்தில், 2013 இல் ஒரு முஸ்லிம் வீரர் தனியாக நின்று தோற்றுப் போன கதையை நாம் மறந்துவிட்டோம். அந்தத் தோல்வி ஏன் ஏற்பட்டது என்பதை விளங்கிக்கொண்டால்தான் இந்தத் தீர்மானத்தின் பெறுமதியும் அதன் குறையும் நமக்குப் புரியும்.

செனகல் நாட்டின் டக்காரில் பிறந்த பாபிஸ் சிஸ்ஸே, ஜேர்மனியின் ஃபிரைபேர்க் கழகத்திலிருந்து 2012 ஜனவரியில் நியூகாஸில் யுனைடெட்டுக்கு வந்தார். அலன் ஷியரர் அணிந்து புகழ்பெற்ற 9 ஆம் இலக்கச் சட்டை அவருக்குக் கொடுக்கப்பட்டது. முதல் போட்டியிலேயே அஸ்டன் வில்லாவுக்கு எதிராக வெற்றி கோல். அந்த அரைப் பருவத்தில் மட்டும் 14 லீக் போட்டிகளில் 13 கோல்கள். மே மாதம் செல்ஸியின் சொந்த மைதானத்தில் பக்கவாட்டிலிருந்து அவர் வளைத்தடித்த பந்து, காவலரின் தலைக்கு மேலாகப் போய் வலைக்குள் விழுந்ததை உதைபந்தாட்ட ரசிகர்கள் இன்றும் தேடிப் பார்க்கிறார்கள். நியூகாஸில் அந்த வருடம் 5 ஆம் இடத்தைப் பிடித்தது.

அதே வருடம் ஒக்டோபரில் கழகம் புதிய அனுசரணையாளரை அறிவித்தது. பெயர் வொங்கா. சம்பள நாள் வரை தாக்குப்பிடிக்க முடியாதவர்களுக்கு இணையத்தில் சில நிமிடங்களில் சிறு கடன் கொடுக்கும் நிறுவனம். அதன் கடனை ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 4,000 சதவீதத்தையும் தாண்டும். நியூகாஸிலோ தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலையின்மையால் வாடிய வடகிழக்கு இங்கிலாந்தின் நகரம். அந்த நகரத்தின் ஏழைகளிடம் வட்டி வாங்கும் நிறுவனத்தின் பெயரை அந்த நகரத்தின் நாயகர்கள் நெஞ்சில் சுமக்க வேண்டும் என்பதே ஒப்பந்தம். நகரசபைத் தலைவரே இதைக் கண்டித்தார். ஆனால் முந்தைய வருடம் மாற்றப்பட்டிருந்த மைதானத்தின் பெயரை வொங்கா மீண்டும் ‘சென் ஜேம்ஸ் பார்க்’ ஆக்கிக் கொடுத்ததால் ரசிகர்களில் ஒரு பகுதியினர் மனம் குளிர்ந்தனர். வட்டிக்காரரின் அன்பளிப்பு எப்போதும் இப்படித்தான் வரும்.

2013 ஜூலையில் புதிய சட்டை அணியும் நேரம் வந்தபோது, தனது மார்க்கம் வட்டியைத் தடுத்திருப்பதால் அந்தப் பெயரை அணிய முடியாது என்றார் சிஸ்ஸே. வெற்றுச் சட்டையோ, ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர் தாங்கிய சட்டையோ தந்தால் விளையாடத் தயார் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. கழகம் ஏற்கவில்லை. அணி போர்த்துக்கலுக்குப் பயிற்சிக்குச் சென்றபோது அவர் பின்தங்கினார். அதே அணியின் மற்ற முஸ்லிம் வீரர்கள் எவரும் பகிரங்கமாக அவர் பக்கம் நிற்கவில்லை. இடையில் அவர் ஒரு கசினோவில் இருப்பதாகக் காட்டும் படத்தைப் பத்திரிகைகள் வெளியிட்டன. மாத இறுதிக்குள் அவர் இணங்கினார். சட்டையை அணிந்தார்.

அன்று அவரைக் கேலி செய்தவர்களின் வாதங்கள் இரண்டு. முந்தைய பருவத்தில் வேர்ஜின் மணி என்ற வங்கியின் பெயரை அணிந்தபோது ஏன் பேசவில்லை என்பது ஒன்று. கசினோப் படம் மற்றொன்று. இவற்றை நாம் ஒளித்து வைக்கத் தேவையில்லை. ஆனால் ஒருவர் ஒரு தீமையை மறுக்க வேண்டுமானால் முதலில் எல்லாத் தீமைகளிலிருந்தும் தூய்மையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், உலகில் எவரும் எதையும் மறுக்க முடியாது. அவர் எழுப்பிய கேள்வி அவருடைய குறைகளோடு சேர்ந்து பொய்யாகிவிடவில்லை.

அவர் தோற்றதற்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹாஷிம் அம்லாவை நாம் அனைவரும் அறிவோம். தென்னாபிரிக்க அணியின் சட்டையில் பியர் நிறுவனத்தின் சின்னம் இருந்தது. அம்லாவின் சட்டையில் இருக்கவில்லை. கிரிக்கெட் சபை அதற்கு இணங்கியிருந்தது. நியூஸிலாந்து ரக்பி வீரர் சொன்னி பில் வில்லியம்ஸ் 2017 இல் வங்கியின் பெயரை மறைத்து விளையாடினார். சர்ச்சைக்குப் பின், வங்கி, மது, சூதாட்ட நிறுவனங்களின் சின்னங்களிலிருந்து அவருக்கு விலக்களிக்கப்பட்டது. இருவருக்கும் மனச்சாட்சிக்கு ஓர் இடம் எழுத்திலோ இணக்கத்திலோ கிடைத்தது. சிஸ்ஸேக்கு அது கிடைக்கவில்லை. ஒப்பந்தம் ஒரு பக்கம், தனி மனிதர் மறு பக்கம் என்று வந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வொங்காவை வீழ்த்தியதும் தனி மனிதர் அல்லர். சிஸ்ஸேயின் சர்ச்சை நடந்த அதே நாட்களில் கன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, கடன் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்து வொங்காவைப் போட்டியில் தோற்கடிப்போம் என்றார். மறுநாளே, இங்கிலாந்துத் திருச்சபையின் பணமும் மறைமுகமாக அந்த நிறுவனத்தில் இருப்பது தெரிய வந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பின்னர் நிதி நடத்தை அதிகாரசபை தலையிட்டது. 2014 ஒக்டோபரில் 330,000 வாடிக்கையாளர்களின் 220 மில்லியன் பவுண் கடனை வொங்கா கைவிட நேர்ந்தது. 2015 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் அறவிடவும், வாங்கிய தொகையைப் போல் இரு மடங்குக்கு மேல் திருப்பிக் கேட்கவும் தடை வந்தது. 2018 ஓகஸ்டில் நிறுவனம் சரிந்தது.

சிஸ்ஸே 117 லீக் போட்டிகளில் 37 கோல்களோடு 2016 இல் நியூகாஸிலை விட்டுச் சென்றார். வொங்காவின் இடத்துக்கு 2017 இல் வந்தது ஒரு சூதாட்ட நிறுவனம்! வட்டி போய் சூது வந்தது. சட்டம் ஒரு கதவை மூடியது. பணம் மறு கதவால் நுழைந்தது.

இப்போதைய தீர்மானத்தின் குறையும் இதுதான். முன்பக்கத்துக்கு மட்டுமே தடை. சட்டையின் கைப்பகுதியிலும் மைதான ஓரப் பலகைகளிலும் அதே பெயர்கள் தொடரலாம். அத்தோடு, இது கழகங்கள் விரும்பி ஏற்ற விதி. வீரருக்கு மறுக்கும் உரிமையை இது தரவில்லை. நாளை வேறொரு வொங்கா வந்தால், வேறொரு சிஸ்ஸே மீண்டும் தனியாகத்தான் நிற்பார். வீரர்களின் நிலையான ஒப்பந்தத்திலேயே மனச்சாட்சி விலக்கு ஒரு வாசகமாக இடம்பெற வேண்டும். வீரர் சங்கங்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

நமக்கும் இதில் பங்குண்டு. இங்கிலாந்தில் சிறுவர் அளவுச் சட்டைகளில் சூதாட்டச் சின்னம் அச்சிடப்படுவதில்லை. நமது ஊர்க் கடைகளில் தொங்கும் பிரதிச் சட்டைகளுக்கு அந்த விதி தெரியாது. குர்ஆன் மத்ரஸாவுக்குப் போய்வந்த பிள்ளை, மாலையில் சூதாட்ட நிறுவனத்தின் பெயரை நெஞ்சில் தாங்கி மைதானத்துக்குப் போகிறான். அவன் அதை வாசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான். வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் வாசிக்கலாம். விற்கும் கடைக்காரரிடம், அந்தப் பெயர் இல்லாத சட்டை இருக்கிறதா என்று கேட்கலாம். கோடிகள் கைமாறும் உலகில் சிஸ்ஸேயால் சில நாட்கள்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. நம்மிடம் எந்த ஒப்பந்தமும் இல்லை; எவரும் நம்மை அபராதம் கட்டச் சொல்லவும் மாட்டார்கள்.